பேய் வீட்டுக்கு வேண்டிய சாமான்கள்

பேய் வீடு கட்டுவதற்கு ஒரு சாமான் பட்டியல் உண்டு. கறுத்த ஓக் மரப் பலகை, பாசி படர்ந்த கல், விரிசல் விட்ட கல், சிலந்தி வலை, பட்டுப்போன செடி, கண்ணாடி இல்லாத சன்னல், நீலமாக எரியும் லாந்தர். மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகளிடம் எந்த ஊரில் கேட்டாலும் ஏறத்தாழ இதைத்தான் சொல்வார்கள். மணியாச்சியிலும் இதுதான்.

மைன்கிராஃப்ட் அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் நாட்டின் மொஜாங் நிறுவனம் 2011 நவம்பரில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு இது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. இதன் உலகம் கட்டிகளால் ஆனது. மண், மரம், கல் எல்லாமே ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள கட்டிகள். வெட்டி எடுக்கலாம், அடுக்கிக் கட்டலாம். பகலில் சாமான் சேர்க்க வேண்டும். ராத்திரியில் அரக்கர்கள் வருவார்கள். அதற்குள் ஒரு வீடு வேண்டும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளும் கோடை விடுமுறை முழுக்க இதில் ஒரு பேய் வீடு கட்டினார்கள். சாமான்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தவள் நான்.

எழுதி முடித்து ஒருமுறை வாசித்தபோது அது நன்கு பழகிய பட்டியலாகத் தெரிந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் வீடுகளில் பெண்கள் செய்யும் வேலைகளின் பட்டியல் அது, தலைகீழாக. சிலந்தி வலை என்றால் ஒட்டடை அடிக்காத வீடு. பாசி என்றால் தொட்டியடியைத் தேய்த்துக் கழுவாத வீடு. விரிசல் என்றால் பூசி மெழுகாத சுவர். பட்ட செடி என்றால் தண்ணீர் ஊற்ற யாரும் இல்லை. இருட்டு என்றால் பொழுது சாயும்போது விளக்குப் போட ஆள் இல்லை. பட்டியலில் எந்தச் சாமானை எடுத்தாலும் அது நின்றுபோன ஒரு வேலையைச் சொல்கிறது. அந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தவள் யார் என்று கேட்கவே தேவையில்லை. சம்பாத்தியம் நின்ற வீட்டை ஏழை வீடு என்கிறோம். பெண்ணின் வேலை நின்ற வீட்டைப் பேய் வீடு என்கிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். மைன்கிராஃப்ட் உலகத்தில் வீடு தானாக அழுக்காவதே இல்லை. ஆயிரம் ராத்திரி பூட்டிக் கிடந்தாலும் தரையில் ஒரு தூசு விழாது. சிலந்திகள் உண்டு, ஆனால் வீட்டு மூலையில் வலை பின்னாது. கட்டுகிற சாமான்களில் காலத்துக்கு மசிவது செம்பு. 2021இல் சேர்க்கப்பட்டது, கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை பிடிக்கும். தேன்மெழுகு பூசினால் அதுவும் நின்றுவிடும். மற்றபடி சிதைவு வேண்டுமென்றால் உழைத்துத்தான் உண்டாக்க வேண்டும். விரிசல் கல்லுக்கு நல்ல கல்லை உலையில் போட்டுச் சுட வேண்டும். பாசிக் கல்லுக்குக் கல்லோடு கொடியைச் சேர்க்க வேண்டும். சிலந்தி வலைக்குக் கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இறங்கிக் கத்தரிக்கோலால் பக்குவமாக எடுக்க வேண்டும். வாளால் வெட்டினால் வெறும் நூல்தான் கிடைக்கும்.

மரம் வெட்டுவது, சுரங்கம் தோண்டுவது, உழுவது, சண்டை போடுவது எல்லாம் அங்கே வேலை. பெருக்குவதும் துடைப்பதும் தேய்ப்பதும் அந்த உலகத்தில் இல்லை. 2019இல் இந்தியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அவ்வளவையும் செய்யும்போது யாருக்கும் தெரிவதில்லை. நிறுத்தினால் மட்டும் தெரிகிறது, அதுவும் திகிலாக.

பிள்ளைகள் முதலில் கட்டிய வீட்டை என் அம்மாவிடம் காட்டினார்கள். கோணல் கூரை, உடைந்த படி, எங்கு பார்த்தாலும் வலை. அம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“இதுல என்னட்டி பயம் கெடக்கு? ஒரு நா முழுக்க நின்னு தூத்து வாரினா சரியாப் போவும்.”

பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நம்ம ஊர்ப் பேய் வீடு எப்படி இருக்கும், சித்தி?” என்று அக்கா மகள் என்னிடம் கேட்டாள்.

நியாயமான கேள்வி. அவர்கள் கட்டியது குளிர்நாட்டு மாளிகை. எங்கள் ஊர் கரிசல். மழை பெய்தால் இந்த மண் ஊதும், வெயிலில் சுருங்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் அடித்தளம் அசைந்து, சன்னல் மூலையிலிருந்து சுவரில் கோடு ஓடும். விரிசலுக்குப் பயந்தால் பாதி ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். தூசியும் அப்படித்தான். ஆடிக் காற்றில் மூன்று முறை பெருக்கினாலும் தரை காலில் நறநறக்கும். தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்களின் வீடுகளில் முற்றம் முழுக்கச் சீமைக்கருவேலம் நிற்கிறது. அவற்றைப் பேய் வீடு என்று யாரும் சொல்வதில்லை. பூட்டின வீடு என்கிறோம்.

சாமான் மட்டும் வேண்டுமென்றால் விளையாட்டிலும் எங்கள் ஊர் கிடைக்கிறது. 2022இல் சேறு என்று ஒரு கட்டி வந்தது. கருஞ்சாம்பல் நிறம், மேலே நின்றால் கால் கொஞ்சம் உள்வாங்கும். மழைக்காலக் கரிசல் போலவே இருக்கும். அதில் கோதுமையைச் சேர்த்து இறுக்கினால் மண் செங்கல் கிடைக்கும். மண்ணில் வைக்கோல் போட்டு மிதிக்கிற நம் கணக்குதான். அக்கேசியா என்று இருக்கும் மரம் நம் கருவேலத்துக்குச் சொந்தக்காரி. இவற்றால் ஒரு கரிசல்காட்டு வீட்டைக் கட்டிவிடலாம். அதைப் பேய் வீடாக்குவது எது என்பதுதான் கேள்வி.

நான் சிறுமியாக இருந்தபோது பேய் வீடு என்று ஊர் சொன்ன வீடு ஒன்று இருந்தது. அதில் ஒரு விரிசல் கிடையாது. சிமென்ட் தரை, பச்சை அடித்த கதவு, வாசலில் செம்பருத்தி. அங்கே கல்யாணமாகி வந்த ஒரு பெண் இரண்டு வருஷத்தில் இறந்துபோனாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். அந்தக் காலத்தில் நிறைய ஸ்டவ்கள் வெடித்தன; பெரும்பாலும் மருமகள்கள் சமைக்கும்போது மட்டும் வெடித்தன. வரதட்சணை மரணம் என்று தனிப் பிரிவு, 304 பி, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1986இல்தான் சேர்ந்தது. அவள் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனார். வீடு நின்றது. ராத்திரி அடுப்படியில் வளையல் சத்தம் கேட்கிறது என்றார்கள். உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே என்று எங்களைத் தடுத்தார்கள். ஊரே அவளுக்குப் பயந்தது. அவருக்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இன்னொரு வீட்டில் பெண் கொடுத்தார்கள்.

கோரமான சாவு எல்லாம் பேயாகிவிடுவதில்லை. மணியாச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவதே ஒரு கொலைதான். 1911 ஜூன் 17 அன்று இங்கே நின்ற ரயில் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷின் மனைவி மேரி அந்தப் பெட்டியில் உடன் இருந்தார். வாஞ்சியின் அரசியல் பற்றி இன்றுவரை விவாதம் நடக்கிறது. அது வேறு பேச்சு. இரண்டு ஆண்கள் ரத்தம் சிந்திச் செத்த அந்த இடத்தில் பேய் இருக்கிறது, போகாதே என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர்ப்பலகை நிற்கிறது. பிள்ளையைச் சுமந்தபடி செத்த பெண்களுக்கு நம் பாதைகளில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு: இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்ட சுமைதாங்கி. போகிற வருகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். செத்த பிறகும் அவள் சுமந்துகொண்டுதான் நிற்கிறாள்.

பழையனூர் நீலியின் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் நடந்ததாகச் சொல்லப்படும் கதை, வடிவங்கள் பல. கணவனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் பேயாக வருகிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவி எடுத்திருக்கும் அந்த வணிகனை ‘இவர் என் புருஷன்’ என்று வேளாளர் எழுபது பேர் முன்னால் முறையிடுகிறாள். இது பேய், என்னைக் கொன்றுவிடும் என்று அவன் கதறுகிறான். எழுபது பேரும் கேட்கவில்லை. அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, காவலுக்கு அவன் வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். விடிந்தபோது அவன் செத்துக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதைப் பழிவாங்கும் பெண்ணின் கதையாகவே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இது ஒரு பஞ்சாயத்தின் கதையாகப் படுகிறது. உள்ளே விட்டால் உயிர் போய்விடும் என்று ஒருவர் கதறியும், புருஷன் பெண்டாட்டி விவகாரம், போய்ச் சேர்ந்து இரு என்று கதவைச் சாத்தியவர்களின் கதை. ஆணுக்கு நடந்ததால் அது காலம் தாண்டி நின்றது. பெண்ணுக்கு நடக்கும்போது அதற்கு ‘அனுசரித்துப் போ’ என்று பெயர். அந்த எழுபது பேராவது சொன்ன சொல்லுக்குத் தீயில் இறங்கினார்கள். ஸ்டவ் வெடித்த வீட்டுக்கு அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விட்டவர்கள் துக்கத்துக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். மொழியில் நமக்கு மிஞ்சியதோ ‘நீலிக் கண்ணீர்’. அழுகிறவளை நம்பாதே என்று பொருள்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லவில்லை. உங்களுக்குப் பயமான வீடு எது என்று மட்டும் கேட்டேன். ஒருத்தி பாழுங்கிணறு என்றாள். ஒருத்தி பள்ளிக்கூடத்துக் கழிப்பறை என்றாள். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா யாரும் கேட்காமலே பேசினாள்.

“எனக்குப் பயமெல்லாம் சுத்தமான வீட்டுலதான். பகல் பூரா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கிட்டு வந்து, வீட்டத் தூத்து, சோறு வடிச்சு எறக்கி வச்சு, லைட்டப் போட்டுட்டு உக்காந்திருப்போம்லா. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும் பாரு, அப்ப.”

“யாரு செருப்பு ஆச்சி?” என்றாள் அக்கா மகள். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா சொன்னதை 1892இல் அமெரிக்காவில் ஒரு பெண் எழுதியிருக்கிறார். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதையில் வரும் அறை வெளிச்சமானது, காற்றோட்டமானது. மனைவியின் உடல்நலத்துக்காக என்று மருத்துவரான கணவன் அவளை அங்கே தங்க வைக்கிறான். எழுதக் கூடாது என்கிறான். சன்னலில் கம்பி. சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளுக்குள் சிறைப்பட்ட ஒரு பெண் ஊர்வதை அவள் பார்க்கத் தொடங்குகிறாள். அன்பும் அக்கறையும் நல்ல வெளிச்சமும்தான் அந்தப் பேய் வீட்டின் சாமான்கள். கதையை விட்டுக் கணக்குக்கு வந்தால், 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதற்கும் அது 29 சதவீதம். இவர்கள் இருந்தவை ஒட்டடை தொங்கும் வீடுகள் அல்ல. அன்று காலையில்கூட அவர்களே பெருக்கிக் கோலம் போட்ட வீடுகள்.

2021 முதல் மைன்கிராஃப்டில் சோம்பிகளும் எலும்புக்கூடுகளும் வெளிச்சம் துளியும் இல்லாத இடத்தில்தான் பிறக்கின்றன. ஒரு தீப்பந்தம் வைத்தால் வீடு பத்திரம். பெண்களுக்கும் இப்படித்தான் சொல்லி வளர்க்கிறோம்: இருட்டில் போகாதே, விளக்கு எரியும் வீட்டுக்குள் இரு.

அடுத்த வாரம் பிள்ளைகள் வேறு சாமான் எடுத்தார்கள். 2024 டிசம்பரில் ‘பேல் ஓக்’ என்று வெளிறின மரம் ஒன்று வந்திருக்கிறது. அதன் பலகை இப்போதுதான் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும். வீடு முழுக்க அதுதான். வலை இல்லை, பாசி இல்லை. மூலைக்கு மூலை விளக்கு, வாசலில் பூந்தொட்டி. அந்த மரத்துண்டுகளுக்கு நடுவே ‘கிரீக்கிங் ஹார்ட்’ என்ற கட்டியைத் தூணில் ஒளித்து வைத்தார்கள். ராத்திரியானால் அதிலிருந்து கிரீக்கிங் என்ற மர உருவம் வரும். நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அசையாமல் நிற்கும். கண்ணை எடுத்தால் நெருங்கி வந்து அடிக்கும். திருப்பி அடித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் அரக்கன் மாதிரி, அதன் உயிர் தூணுக்குள் இருக்கும் கட்டியில். ஊர் பார்க்கும்வரை சாதுவாக நிற்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்கள் உயிரும் தனியாக அவர்களிடம் இல்லை. அனுசரித்துப் போ என்று சொல்லித் தாங்கிப் பிடிக்கும் தூண்களில் இருக்கிறது.

கடைசியாகக் கதவு. மரக் கதவைக் கையாலேயே திறந்துவிடலாம். இரும்புக் கதவு கைக்குத் திறக்காது. அதற்குப் பொத்தானோ நெம்புகோலோ வேண்டும். அக்கா மகள் இரும்புக் கதவு வைத்து, பொத்தானை வெளிப்பக்கம் மட்டும் பொருத்தினாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. போன் எப்போது கைக்கு வரும், கதவு எப்போது சாத்தப்படும் என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானிக்கும் வயதில் இருக்கிறவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வீட்டையும் அம்மாவிடம் காட்டினார்கள். வெகுநேரம் பார்த்தாள்.

“உள்ள இருக்கவ எப்படி வெளிய வருவா?”

“வர முடியாது ஆச்சி. அதான் பேய் வீடு.”

“பக்கத்துல வீடு வாசல் இருக்கா?”

“இல்ல. சும்மா காடு.”

“ஒண்ணு கட்டு. சன்னல இந்தப் பக்கமாப் பாத்து வையி.”

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம் என்கிறது. பாதிக்கப்பட்டவளே வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கும் வராது. அம்மா அந்தச் சட்டத்தைப் படித்தவள் அல்ல. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். செருப்புச் சத்தம் கேட்ட ராத்திரிகளில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தூங்காமல், இந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கெல்லாம் சத்தம் குறைவாகவே இருக்கும்.

பிள்ளைகள் சேற்றைப் பிசைந்து, மண் செங்கல் அறுத்து, அக்கேசியா கதவு போட்டு அந்த இரண்டாவது வீட்டைக் கட்டினார்கள். சன்னல் மட்டும் மூன்று கட்டி அகலம் வைத்தார்கள்.